முதவ்வனா: மொராக்கோவில் சட்டம் கொடுத்ததும் விதிவிலக்கு எடுத்துக்கொண்டதும்

முதவ்வனா எனப்படும் மொராக்கோ குடும்பச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆணோ பெண்ணோ, 18 வயது நிறைந்தால்தான் திருமணத் தகுதி. அடுத்து வரும் 20ஆம் பிரிவு கொஞ்சம் நீளம். அந்த வயதுக்கு முன்பே மணம் முடிக்க நீதிபதி அனுமதி தரலாம். காரணத்தை எழுத வேண்டும், பெற்றோரைக் கேட்க வேண்டும், மருத்துவ அறிக்கையோ சமூக விசாரணை அறிக்கையோ பெற வேண்டும். அனுமதி கொடுத்துவிட்டால் அதை எதிர்த்து எங்கும் மேல்முறையீடு கிடையாது. சட்டம் வந்த 2004இல் இப்படி நடந்த வயது வராதோர் திருமணங்கள் 18,341. 2011இல் 39,031.

ஏறத்தாழ எல்லாமே பெண் பிள்ளைகள். 18 வயது என்று சட்டம் போட்ட பிறகுதான் எண்ணிக்கை இரண்டு மடங்கானது.

இருபது ஆண்டுகளாக மொராக்கோவில் நடக்கும் வழக்காடலை இந்த இரண்டு பிரிவுகளிலேயே பார்த்துவிடலாம். பலதாரம், தலாக், சொத்து, பிள்ளையின் பாஸ்போர்ட் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அமைப்பு ஒன்றுதான்: உரிமை முதல் வரியில் இருக்கும், அதற்கான சாவி வேறொருவர் கையில் இருக்கும். அரபு நாடுகளுக்கே முன்மாதிரி என்று 2004இல் பாராட்டு வாங்கிய சட்டத்தைப் பெண்கள் அமைப்புகளே திருத்தச் சொல்வது இதனால்தான்.

சட்டம் எங்கிருந்து வந்தது

முதவ்வனா என்றால் தொகுப்பு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1956இல் விடுபட்டதும் மொராக்கோ முதலில் செய்த காரியங்களில் ஒன்று, இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் (மத்ஹப்) ஒன்றான மாலிகி மத்ஹபின் குடும்பச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக எழுதி வைத்தது. 1957 இறுதியிலும் 1958 தொடக்கத்திலும் அரசாணைகளாக வெளிவந்த அந்தத் தொகுப்பில் பெண்ணின் திருமண வயது 15, ஆணுக்கு 18. வலி, அதாவது பெண்ணுக்காக மணம் முடித்துவைக்கும் ஆண் காப்பாளர், இல்லாமல் நிக்காஹ் செல்லாது. கணவன் சோறு போட வேண்டும், மனைவி கீழ்ப்படிய வேண்டும். அதே 1956இல் துனீசியாவில் ஹபீப் பூர்கீபா பலதாரத்தையே ஒழித்தார். மொராக்கோ அந்தப் பக்கம் திரும்பவில்லை. மற்ற சட்டங்கள் எல்லாம் பிரெஞ்சு அச்சில் வார்த்தவை. குடும்பச் சட்டம் ஒன்றுதான் சொந்தச் சரக்கு என்ற பெருமை அதற்கு ஒரு புனிதத் தன்மையைக் கொடுத்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதன்மேல் கை வைக்கவில்லை.

மாலிகி என்றதும் நமக்கு ஏதோ தூரத்துச் சங்கதி போலத் தோன்றும். தமிழ் முஸ்லிம்களிடம் ஷாஃபியும் ஹனஃபியும்தான் வழக்கு. ஆனால் இந்தியாவில் முஸ்லிம் மனைவி நீதிமன்றம் ஏறி பஸஹ், அதாவது நீதிபதி வழி மணமுறிவு, கேட்க வழிசெய்த 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் மாலிகிகளிடம் வாங்கிய இரவல்தான். கணவன் நான்கு ஆண்டுகளாக எங்கே என்றே தெரியவில்லை என்றால் மணமுறிவு கேட்கலாம் என்ற விதியெல்லாம் அங்கிருந்து வந்தது. ஹனஃபியில் மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவுக்குக் கதவு மிகச் சிறியது. வலி விஷயத்திலோ நிலைமை தலைகீழ். வயது வந்த பெண் தானே தன் நிக்காஹை ஒப்பேற்றலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் மூலவர் அபூ ஹனீஃபாவின் நிலைப்பாடு. மாலிகி அதை ஏற்காது. 2004இல் மொராக்கோ அந்த ஒரு விஷயத்துக்கு ஹனஃபி வாசலுக்குப் போனது. ஒரு மத்ஹபில் முட்டினால் இன்னொன்றில் வழி தேடும் இந்த முறை புதிதும் அல்ல, மதத்துக்கு வெளியே நிற்பதும் அல்ல. ஷரீஅத்தை மாற்ற முடியுமா முடியாதா என்று இங்கே தொலைக்காட்சி விவாதங்களில் கத்துகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஒரு மில்லியன் கையெழுத்தும் இரண்டு பேரணிகளும்

பெண்கள் செயல்பாட்டு ஒன்றியம் என்ற அமைப்பு 1992 மார்ச்சில் ஒரு மில்லியன் கையெழுத்து இயக்கத்தைத் தொடங்கியது. முன்னின்றவர் லத்தீஃபா ஜபாப்தி. வலி தேவையில்லை, பலதாரம் கூடாது, மணமுறிவு நீதிமன்றத்தின் கையில் இருக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். எதிர்ப்பு மார்க்கத் தீர்ப்பு என்ற வடிவில் வந்தது. மன்னர் இரண்டாம் ஹசன் அதே ஆண்டு ஆகஸ்டில் பேசினார்: இது கட்சிகள் சண்டை போடும் விஷயம் இல்லை, அமீருல் முஃமினீன், நம்பிக்கையாளர்களின் தலைவர், என்ற முறையில் என் பொறுப்பு, என்னிடம் எழுதுங்கள் என்றார். 1993இல் வந்த திருத்தம் சிறியது. மணமகள் ஒப்புதல் இல்லாமல் வலி மணம் முடித்துவைக்க முடியாது, தந்தை இல்லாத வயது வந்த பெண்ணுக்கு வலி தேவையில்லை, இரண்டாம் திருமணத்துக்கு நீதிபதி அனுமதி வேண்டும் என்ற அளவில் நின்றது. ஆனாலும் அதற்குள் ஒரு பெரிய காரியம் நடந்துவிட்டது. தொடக்கூடாத நூல் தொடப்பட்டது.

அடுத்த மோதல் வீதியில். சோசலிசத் தலைவர் யூஸுஃபியின் அரசு 1999இல் பெண்கள் முன்னேற்றத்துக்கு ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அதே அரசில் இருந்த சமய விவகார அமைச்சரே அதை எதிர்த்தார். 2000 மார்ச் 12இல் திட்டத்தை ஆதரித்து ரபாத்திலும் எதிர்த்து காஸாபிளாங்காவிலும் ஒரே நாளில் பேரணிகள். காஸாபிளாங்கா பேரணிதான் பெரியது. அங்கேயும் பெண்கள் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள் என்பதைப் பெண் உரிமை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள், தள்ளக்கூடாது. அரசு திட்டத்தை மடித்து வைத்தது.

புதிய மன்னர் ஆறாம் முகம்மது 2001இல் 16 பேர் குழு அமைத்தார். அதில் பெண்கள் மூவர்: நுஸ்ஹா கஸ்ஸூஸ், ரஹ்மா பூர்கியா, ஸுஹூர் அல் ஹுர். குழு இழுத்தடித்தது, தலைவர் மாற்றப்பட்டார். பிறகு 2003 மே 16இல் காஸாபிளாங்காவில் தற்கொலைத் தாக்குதல்கள் நடந்தன. குண்டு கட்டி வந்தவர்களைத் தவிர 33 பேர் இறந்தார்கள். இஸ்லாமியக் கட்சிகள் வாயடைத்து நின்ற அந்த மாதங்களில்தான் வேலை முடிந்தது. அக்டோபர் 10இல் மன்னர் நாடாளுமன்றத்தில் சீர்திருத்தங்களை அறிவித்தார். அல்லாஹ் தடுத்ததை என்னால் ஆகுமாக்க முடியாது, அவன் ஆகுமாக்கியதைத் தடுக்கவும் முடியாது என்ற எல்லைக்கோட்டையும் அப்போதே போட்டார். 2004 பிப்ரவரியில் 400 பிரிவுகள் கொண்ட 70-03ஆம் எண் சட்டம் அரசிதழில் வந்தது. மன்னரின் ஆணையாக மட்டும் வராமல் நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்து வந்த முதல் குடும்பச் சட்டம் அது. எதிர்ப்புப் பேரணி நடத்தியவர்களும் கை தூக்கினார்கள்.

சட்டத்தின் பலமும் பலவீனமும் இந்தப் பிறப்பிலேயே இருக்கின்றன. மன்னர் சொன்னதால் நிறைவேறியது. அதனாலேயே மன்னர் போட்ட கோட்டைத் தாண்டி ஓர் அங்குலம் போகவில்லை. கோட்டை ஒட்டி வந்த இடங்களில் எல்லாம் ‘நீதிபதி முடிவு செய்வார்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தார்கள்.

அதூலின் ஏட்டில்

மொராக்கோவில் நிக்காஹ் எழுதுபவர் அதூல். இருவராக இருந்து எழுத வேண்டும். குடும்ப வழக்கு நீதிபதி ஒப்பமிட்ட பிறகுதான் அது பத்திரம். 2018இல்தான் பெண்களும் அதூல் ஆகலாம் என்று உலமா (மார்க்க அறிஞர்) சபையின் கருத்தைக் கேட்டு மன்னர் அனுமதித்தார். மணமக்கள் கொண்டு வரவேண்டியவை: பிறப்புப் பதிவு நகல், மணமாகாதவர் என்பதற்கான நிர்வாகச் சான்று, மருத்துவச் சான்று. எல்லாம் கோப்பாகி நீதிபதியின் அனுமதி கிடைத்தபின் அதூலிடம் போகும்.

25ஆம் பிரிவின்படி வயது வந்த பெண் தானே ஒப்பந்தம் செய்யலாம், அல்லது தந்தையிடமோ உறவினரிடமோ அந்த வேலையை ஒப்படைக்கலாம். நடைமுறையில் பெரும்பாலான மணப்பெண்களுக்கு இன்றும் வாப்பாதான் முன்னால் உட்காருகிறார். கட்டாயம் போனாலும் வழக்கம் போகவில்லை. அதில் தவறு காண ஒன்றும் இல்லை. வேறுபாடு, வாப்பா மறுத்தாலும் நிக்காஹ் நடக்கும் என்பதில் இருக்கிறது.

இதே மேசையில் இன்னும் இரண்டு உரிமைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஒன்று, நிபந்தனை. கணவர் இன்னொரு மணம் முடிக்கக்கூடாது, நான் படிப்பதைத் தடுக்கக்கூடாது, வேலைக்குப் போவேன் என்பது போன்றவற்றைப் பெண் பத்திரத்தில் எழுதச் சொல்லலாம். மீறினால் 99ஆம் பிரிவின்படி அந்த மீறலே மணமுறிவுக்குப் போதுமான ‘தீங்கு’. அடி வாங்கியதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. இரண்டாவது, 49ஆம் பிரிவு. திருமணத்துக்குப் பின் சேரும் சொத்தை எப்படிப் பிரிப்பது என்று தனிப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். இதைச் சொல்ல வேண்டியது அதூலின் கடமை என்று சட்டமே சொல்கிறது. சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். இரு வீட்டாரும் இனிப்பும் தேநீருமாக உட்கார்ந்திருக்கும்போது ‘பிரிந்தால் வீடு யாருக்கு’ என்று எந்த மணப்பெண் கேட்பாள்? எழுதிக்கொள்கிறவர்கள் மிகச் சிலரே.

மூன்று கள்ளச் சாவிகள்

முதலாவது, நாம் தொடங்கிய 20ஆம் பிரிவு. அதில் கவனிக்க வேண்டியவை மூன்று. கீழ் வயது எதுவும் எழுதப்படவில்லை. 15 வயதுக்கும் அனுமதி கேட்கலாம், அதற்குக் கீழும் கேட்கலாம். மருத்துவ அறிக்கை ‘அல்லது’ சமூக விசாரணை என்று இருப்பதால், உடம்பு தாங்கும் என்று ஒரு மருத்துவர் எழுதிய ஒரு பக்கத் தாளே போதுமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகிறாளா, யார் சொல்லி ஒப்புக்கொண்டாள், மாப்பிள்ளைக்கு வயது என்ன என்று வீடு தேடிப் போய் விசாரிக்கச் சமூகப் பணியாளர் தேவை. நீதிமன்றங்களில் அவர்கள் போதுமான அளவில் இல்லை. மூன்றாவது, அனுமதிக்கு மேல்முறையீடு இல்லை, மறுப்புக்கு உண்டு. ஆக, கதவு ஒரு பக்கமாக மட்டும் திறக்கும். ஓர் ஊரில் மறுத்தால் முகவரியை மாற்றி அடுத்த ஊர் நீதிமன்றத்தில் மனு போடுவதும் நடக்கிறது. 2020இல் வந்த மனுக்கள் 19,926. அனுமதி பெற்றவை 13,335. மூன்றில் இரண்டு. இதற்குப் பெயர் விதிவிலக்கு.

இரண்டாவது சாவி 16ஆம் பிரிவு. எழுதப்பட்ட பத்திரம்தான் திருமணத்துக்குச் சான்று. ஆனால் தவிர்க்க முடியாத காரணத்தால் எழுத முடியாமல் போனவர்கள் சாட்சிகளைக் கொண்டு நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம் என்கிறது. அட்லஸ் மலைக் கிராமங்களில் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி, ஊர் கூடிச் சாப்பிட்டு முடித்த திருமணங்களுக்குத் தாள் கிடையாது. அவர்களுக்காக ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தார்கள். நல்ல நோக்கம்தான். 2009இல் முடிய வேண்டியது இருமுறை நீட்டிக்கப்பட்டு 2019 பிப்ரவரி வரை ஓடியது. அதற்குள் அது வேறு வேலைக்குப் பயன்பட்டது. 16 வயதுப் பெண்ணுக்கு அனுமதி மறுக்கப்பட்டதா? ஃபாத்திஹா ஓதிக் குடித்தனம் வை. வயிற்றில் பிள்ளை வந்ததும் ‘ஏற்கெனவே மணமானோம்’ என்று 16ஆம் பிரிவில் மனு போடு. இரண்டாம் தாரத்துக்கும் இதே வழி. பிள்ளையும் கருவும் இருப்பதை நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்வதால், மறுத்தால் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் இருக்காது. எந்த நீதிபதியால் மறுக்க முடியும்? அவகாசம் முடிந்த பிறகோ, உண்மையிலேயே தாள் இல்லாமல் வாழும் பெண்கள் தெருவில் நிற்கிறார்கள். கள்ளன் புகுந்த பிறகு மூடிய கதவு வீட்டுக்காரியை வெளியே நிறுத்தியது.

மூன்றாவது, பலதாரம். எண்ணிக்கையில் இது சிறியது. மொத்தத் திருமணங்களில் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. நிபந்தனைகளும் கடுமை: விதிவிலக்கான, புறநிலைக் காரணம் காட்ட வேண்டும், இரு குடும்பத்தையும் சமமாக நடத்தப் போதுமான வருமானம் வேண்டும், முதல் மனைவிக்கு நேரில் அழைப்பாணை போக வேண்டும். ஆனால் 45ஆம் பிரிவின் கடைசி வரியைப் படித்தால் தூக்கிவாரிப்போடும். மனைவி இரண்டாம் தாரத்துக்கு ஒப்பவில்லை, மணமுறிவும் கேட்கவில்லை, கணவனோ விடாப்பிடியாக நிற்கிறான் என்றால், நீதிமன்றம் தானாகவே பிணக்கு மணமுறிவு நடவடிக்கையைத் தொடங்கிவிடும். ஆக, ‘வேண்டாம்’ என்று சொன்ன மனைவி வீட்டையே இழக்கலாம். அவளைக் காக்க எழுதிய பிரிவு இது.

தலாக்கும் ஷிகாக்கும்

2004 சட்டத்தின் நல்ல பகுதி எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் காட்டலாம். கணவன் வாயால் சொல்லும் தலாக்குக்கு மொராக்கோவில் சட்ட மதிப்பு இல்லை. மணமுறிவு வேண்டுபவர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். நீதிமன்றம் இருவரையும் தனி அறையில் அழைத்துச் சமரசம் பேசும். பிள்ளைகள் இருந்தால் குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு முறை. சமரசம் நடக்கவில்லை என்றால் கணவன் கட்ட வேண்டிய தொகையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். பாக்கி மஹர் (மணக்கொடை), மறுமணத்துக்கு முன் மனைவி காத்திருக்கும் இத்தாக் காலச் செலவு, முத்ஆ என்னும் பிரிவுக் கொடை, பிள்ளைகளின் ஜீவனாம்சம் எல்லாம் அதில் சேரும். முத்ஆவைக் கணக்கிட எத்தனை வருடம் வாழ்ந்தார்கள், கணவனின் வசதி என்ன, பிரிவுக்குக் காரணம் என்ன, அவன் தரப்பில் அத்துமீறல் உண்டா என்று பார்ப்பார்கள். 30 நாளுக்குள் பணத்தை நீதிமன்றப் பெட்டியில் கட்டாவிட்டால், தலாக் எண்ணத்தையே கைவிட்டதாகக் கருதப்படும். பணம் முன்னால், பிரிவு பின்னால். கோபத்தில் தலாக் விடும் பழக்கத்தை அடக்க இதைவிடச் சிக்கனமான வழியை யாரும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஷிகாக் என்பது பிணக்கு. குர்ஆனின் நான்காம் அத்தியாயத்திலிருந்து வரும் சொல். இரு வீட்டிலிருந்தும் நடுவர் வைத்துப் பேசிப்பாருங்கள் என்பது அங்குள்ள கட்டளை. 94ஆம் பிரிவு முதல் அதை மணமுறிவுக்கான வழியாக்கினார்கள். கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம், தீங்கை நிரூபிக்க வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு. முன்பெல்லாம் அடித்தான் என்பதற்கு அக்கம்பக்கத்தில் சாட்சி தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்த பெண்களுக்கு இது மூச்சு விட்ட மாதிரி இருந்தது. சில ஆண்டுகளிலேயே நீதிமன்ற மணமுறிவுகளில் பெரும்பகுதி இந்த வழியில் போனது.

பிறகு அங்கேயும் ஓட்டை விழுந்தது. மனைவி ஷிகாக் கேட்டு வந்தால் அவளுக்கு முத்ஆ கிடையாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிவைக் கேட்டவளுக்குப் பிரிவுக் கொடை எதற்கு என்பது தர்க்கம். இருபது வருடம் அடி வாங்கியவள் சட்டப்படி ‘கேட்டவள்’ ஆகிவிடுகிறாள். ஆண்களின் வழக்கறிஞர்களும் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். தலாக் கேட்டால் 30 நாளில் பணம் கட்ட வேண்டும். ஷிகாக் கேட்டால் பணம் கட்டும் முன்பே மணமுறிவுத் தீர்ப்பு வந்துவிடும். பணத்தை வசூலிப்பது அப்புறம் அவள் பாடு. எனவே கணவர்களும் ஷிகாக் பக்கம் வந்தார்கள். பணம் முன்னால் என்ற அந்த அழகான விதி இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆட்கள்தான் பக்கத்துச் சந்தில் போகிறார்கள்.

பிள்ளைகளின் ஜீவனாம்சம் வராதபோது கைகொடுக்கக் குடும்ப ஆதரவு நிதி ஒன்று 41-10ஆம் எண் சட்டப்படி ஏற்பட்டது. தொடங்கியபோது பிள்ளைக்கு மாதம் 350 திர்ஹம், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,050. வாங்குவதற்குத் தீர்ப்பு மட்டும் போதாது. அதை நிறைவேற்ற முடியவில்லை என்று அமலாக்க அதிகாரி எழுதிய அறிக்கையும் வேண்டும். அந்த அறிக்கைக்காக நடக்கும் பேருந்துச் செலவு சில சமயம் முதல் மாதத் தொகையைத் தின்றுவிடும்.

வளர்ப்பது உம்மா, கையெழுத்து வாப்பா

பிரிந்தபின் பிள்ளை யாரிடம்? முதலில் தாய், பிறகு தந்தை, பிறகு தாயின் தாய். 15 வயதானால் பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம். இது ஹதானா, பராமரிப்பு உரிமை. இதன்மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது: விலாயா, சட்டக் காப்பாளர் பொறுப்பு. அது தந்தைக்கு. அவர் இறந்தால், காணாமல் போனால், சட்டத் தகுதி இழந்தால்தான் தாய்க்கு வரும்.

இதன் பொருளை அலுவலக மேசையில் பார்க்க வேண்டும். பிள்ளை எட்டு வருடமாகத் தாயிடம் வளர்கிறது. அவள் வேலை மாற்றலாகி ஃபெஸ் நகரிலிருந்து தஞ்சா (டான்ஜியர்) போகிறாள். புதுப் பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்று வேண்டும். ‘சட்டக் காப்பாளர் கையெழுத்து’ என்று எழுத்தர் விரல் வைத்துக் காட்டுகிறார். தந்தை கையெழுத்துப் போட மாட்டார். போட்டாலும் சும்மா போடமாட்டார், ஜீவனாம்ச பாக்கியை விட்டுவிடு என்பார். பாஸ்போர்ட்டுக்கும் இதே கதை. தாய் தன் சம்பளத்தில் பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கினாலும் அதை நிர்வகிக்கும் அதிகாரம் தந்தையிடம். அரசமைப்பு 2011இல் ஆண் பெண் சமம் என்று 19ஆம் பிரிவில் எழுதியது. பள்ளி அலுவலகத்துக்கு அந்த 19ஆம் பிரிவு இன்னும் வந்து சேரவில்லை.

தாய் மறுமணம் செய்தால் பராமரிப்பும் போகும். பிள்ளைக்கு ஏழு வயது ஆகவில்லை, பிரித்தால் பிள்ளைக்குத் தீங்கு, பிள்ளைக்கு நோய் அல்லது ஊனம், புதுக் கணவர் பிள்ளைக்கு மஹ்ரமான (மணம் முடிக்க விலக்கப்பட்ட) உறவினர், தாயே சட்டக் காப்பாளர் என்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு. தந்தை எத்தனை முறை மணந்தாலும் விலாயா அசையாது. இதனால் இளம் வயதில் மணமுறிந்த பெண்கள் மறுமணமே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள், அல்லது ஃபாத்திஹா மட்டும் ஓதித் தாள் இல்லாமல் மணக்கிறார்கள். 16ஆம் பிரிவின் சிக்கல் இங்கே வேறு கதவால் உள்ளே வருகிறது.

உழைப்பின் பங்கு

சொத்து விஷயத்தில் மொராக்கோவிடம் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஒரு பழஞ்சொத்து உண்டு. தெற்கே ஸூஸ் பகுதியிலும் வடக்கு மலைகளிலும் வயலிலும் மந்தையிலும் தறியிலும் மனைவி உழைத்தால், குடும்பச் சொத்து பெருகியதில் அவள் உழைப்புக்கு ஏற்ற பங்கு உண்டு என்பது பழைய வழக்கு. கத் வ ஸிஆயா, பாடும் உழைப்பும், என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் இப்னு அர்தூன் என்ற மாலிகி அறிஞர், அறுவடையில் உழைத்த மனைவிக்குப் பங்கு உண்டு என்று மார்க்கத் தீர்ப்பே கொடுத்தார். அதாவது இது ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான எண்ணம் அல்ல.

49ஆம் பிரிவு இதை அரைகுறையாகத் தொட்டது. பத்திரம் இல்லை என்றால் பொது சாட்சிய விதிகளின்படி, இருவரின் உழைப்பையும் பாடுகளையும் கணக்கில் எடுத்துப் பிரிக்கலாம் என்றது. சிக்கல் அந்தச் ‘சாட்சிய விதி’யில். சம்பளச் சீட்டும் வங்கிப் பரிமாற்றமும் காட்டும் பெண்ணுக்கு ஏதோ கிடைக்கிறது. சமைத்து, துவைத்து, மாமியாரைப் பார்த்துக்கொண்ட பதினைந்து வருடத்துக்கு ரசீது எங்கே?

வாரிசுரிமை: தஃஸீப் என்னும் மிச்சம்

இங்கே கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் நேர்வழி. ஒருவர் இறக்கிறார். மனைவி, ஒரே மகள், ஒரு அண்ணன் இருக்கிறார்கள். சொத்து என்று இருப்பது 12 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள ஒரு வீடு. மனைவிக்கு எட்டில் ஒன்று, ஒன்றரை லட்சம். ஒற்றை மகளுக்குப் பாதி, ஆறு லட்சம். மீதி நாலரை லட்சம், மிச்சம் ஆண்வழி உறவினருக்கு என்னும் தஃஸீப் விதிப்படி, அண்ணனுக்கு. மகள் இருவரானால் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, எட்டு லட்சம். அண்ணனுக்கு இரண்டரை லட்சம். மகன் ஒருவன் இருந்திருந்தால் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை.

பங்கு குறைவு என்பதைவிட, வீடு பிரிக்க முடியாத பொருள் என்பதுதான் வேதனை. அண்ணன் தன் பங்கைக் கேட்டால், விதவையும் மகளும் அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டை விற்க வேண்டும். குலம் முழுக்க ஒரே முற்றத்தில் வாழ்ந்த காலத்தில் மிச்சத்தை வாங்கும் அண்ணன் விதவையின் சோற்றுக்கும் பொறுப்பாளி. காஸாபிளாங்கா அடுக்குமாடியில் பொறுப்பு போய் மிச்சம் மட்டும் நிற்கிறது.

மகள்களை மட்டும் பெற்றவர்கள் இதற்குத் தாங்களே வழி தேடினார்கள்: உயிரோடு இருக்கும்போதே வீட்டை மகள் பெயருக்கு எழுதுவது. மாலிகி மத்ஹபில் கொடை செல்ல வேண்டும் என்றால், கொடுத்தவர் உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே வாங்கியவர் உண்மையில் கைவசப்படுத்தியிருக்க வேண்டும், ஹியாஸா என்பார்கள். கொடுத்தவர் கடைசிவரை அதே வீட்டில் வாழ்ந்திருந்தால், கைமாறவே இல்லை என்று பெரியப்பா வழக்குப் போடலாம். விற்றதுபோல் எழுதினாலோ, பணம் கைமாறாத பொய் விற்பனை என்று அதையும் உடைக்கலாம்.

2024 டிசம்பரில் சொன்னது

மன்னர் 2022 ஜூலையில் சிம்மாசன உரையில் திருத்தம் வேண்டும் என்றார். 2023 செப்டம்பரில் பிரதமர் அஸீஸ் அக்கன்னூஷுக்குக் கடிதம் எழுதி ஆறு மாதம் கெடு வைத்தார். குழு பரிந்துரைகளைக் கொடுத்தது. மார்க்கம் சார்ந்த 17 கேள்விகள் உலமா உயர்சபைக்குப் போயின. 2024 டிசம்பர் 24இல் நீதி அமைச்சர் அப்துல்லத்தீஃப் வஹ்பி முடிவுகளின் சுருக்கத்தை அறிவித்தார்.

மூன்றில் உலமாக்கள் அசையவில்லை. டி.என்.ஏ. சோதனையால் தந்தைமையை நிலைநாட்ட முடியாது. தஃஸீபை ஒழிக்க முடியாது. முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் ஒருவருக்கொருவர் வாரிசாக முடியாது. முதலாவதுக்கு ஏற்கெனவே ஒரு முன்கதை உண்டு. 2017 தொடக்கத்தில் தஞ்சா நீதிமன்றம் டி.என்.ஏ.யை ஏற்றுத் தந்தையை இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தகப்பனோடு சட்டத் தொடர்பு இல்லை என்ற 148ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது.

தஃஸீபுக்கு உலமாக்கள் காட்டிய மாற்றுவழி சாமர்த்தியமானது. மகள்களுக்குத் தந்தை உயிரோடு இருக்கும்போதே கொடை கொடுக்கலாம். நேரடிக் கைவசம் இல்லாவிட்டாலும் சட்டப்படியான கைவசம் போதும் என்றார்கள். பெரியப்பாவின் ஹியாஸா வழக்குக்கு இதில் பூட்டு விழுகிறது. ஆனால் யோசித்துக் கொடுத்தவரின் மகளுக்குத்தான் இது உதவும். திடீரென்று மாரடைப்பில் போனவரின் மகளுக்குப் பழைய கணக்குதான். கூடவே, குடியிருந்த வீட்டைப் பாகத்திலிருந்து விலக்கி, எஞ்சியிருக்கும் துணைக்கு விட்டுவைக்கவும் முன்மொழிவு உண்டு.

மற்ற முன்மொழிவுகள்: திருமண வயது 18, விலக்கு 17 வயதுக்கு மட்டும். பலதாரம் வேண்டாம் என்று நிபந்தனை வைக்கிறாயா என்று மணமகளிடம் பத்திரம் எழுதும்போதே கேட்க வேண்டும். அதாவது வாய்ப்பு அவள் கேட்டால் என்றிருந்தது, அவளிடம் கேட்டாக வேண்டும் என்று மாறுகிறது. இந்த ஒரு மாற்றம் பல பக்கச் சட்டத்துக்குச் சமம். வீட்டு வேலையும் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்பாகக் கணக்காகும். மறுமணம் செய்த தாயிடமிருந்து பிள்ளையைப் பறிக்க முடியாது. விலாயா தாய் தந்தை இருவருக்கும் பொது. ஒத்துவராவிட்டால் குடும்ப நீதிபதி முடிவு செய்வார்.

கடைசி வரியில் மறுபடியும் அந்த நீதிபதி. கூட்டு விலாயா என்றால் தாயின் ஒற்றைக் கையெழுத்தைப் பள்ளி ஏற்குமா, இருவர் கையெழுத்தும் கேட்குமா என்பதைப் பிரிவில் எழுத வேண்டும். தகராறு வந்தால் எத்தனை நாளுக்குள் தீர்ப்பு என்பதையும் எழுத வேண்டும். ஷிகாக்குக்கு ஆறு மாதம் என்று எழுதியே தாமதமாகிறது. இதற்கு நாளே எழுதாவிட்டால், தஞ்சாவில் பள்ளி திறந்து ஒரு பருவம் முடிந்தும் அந்தப் பிள்ளையின் பெயர் ஃபெஸ் பள்ளிப் பதிவேட்டில்தான் இருக்கும்.